கரோக்கி பாருக்குப் போகிறீர்களா? இந்தச் சொதப்பல்களைத் தவிர்த்துவிடுங்கள்

பாடகர் குரல் இல்லாத பின்னணி இசைக்கு நாமே மைக் பிடித்துப் பாடுவதுதான் கரோக்கி. கரோக்கி பாரில் சுருதி பிசகிப் பாடுவது ஒரு தவறே இல்லை. சொல்லப்போனால் கரோக்கி கருவி பிறந்ததே அப்படிப் பாடுகிறவர்களுக்காகத்தான். 1967-ல் டோக்கியோவில் மின்னணுப் பொருள் தயாரிக்கும் தொழில் நடத்திவந்த ஷிகேயிச்சி நெகிஷி ஒருநாள் பாடிக்கொண்டே வேலைக்கு வர, அங்கிருந்த பொறியாளர் அவர் பாட்டைக் கிண்டலடித்தாராம். பின்னணி இசையோடு பாடினால் இவ்வளவு மோசமாக இருக்காதே என்று நெகிஷிக்குத் தோன்றியது. மைக்கும் டேப்பும் சேர்ந்த ஒரு பெட்டியைச் செய்யவைத்தார். ஆக, குரல் சரியில்லை என்று தயங்க வேண்டாம். ஒரு கரோக்கி இரவு கெட்டுப்போவது பெரும்பாலும் பாட்டைத் தேர்ந்தெடுப்பதில், வரிசையில், மைக் பிடிப்பதில், கிளாஸில், வீடு திரும்பும் வழியில்.

பிடித்த பாட்டும் பாட வருகிற பாட்டும்

மிகவும் பிடித்த பாட்டைத்தான் எல்லாரும் முதலில் எழுதிக் கொடுக்கிறார்கள். மேடையேறிய பிறகுதான் தெரியும், நமக்கு வருவது பல்லவி மட்டும் என்று. இரண்டாவது சரணத்தில் மெட்டு எங்கே திரும்புகிறது என்று பிடிபடாது. ஸ்கிரீனில்தான் வரிகள் ஓடுகின்றனவே என்று நினைக்கலாம். ஸ்கிரீன் சொல்லைக் காட்டும், மெட்டைக் காட்டாது. அசல் பாட்டைக் கேட்கும்போது பாடகரின் குரல் நம்மை இழுத்துக்கொண்டு போகும். கரோக்கி டிராக்கில் அந்தக் குரல் இல்லை. எந்த இடத்தில் எடுப்பது என்பதுகூடச் சில பாட்டுகளில் குழம்பிவிடும். பாட்டை ஓடவிடாமல், வரிகளை மட்டும் பார்த்து வீட்டில் முழுதாகப் பாடிப் பாருங்கள். தட்டுத்தடுமாறியாவது முடித்துவிட்டால் அந்தப் பாட்டு உங்களுடையது.

அடுத்த சிக்கல் உயரம். பல பாட்டுகள் கீழே இதமாகத் தொடங்கி, உச்சத்தைக் கடைசிச் சரணத்துக்கு வைத்திருக்கும். முதல் வரியை முணுமுணுத்துப் பார்த்துவிட்டு ‘இது நம்ம ரேஞ்ச்தான்’ என்று மேடைக்குப் போகிறவர் மூன்றாவது நிமிடத்தில் கத்தத் தொடங்குகிறார். பாட்டில் எந்த வரி ஆக உயரமோ அந்த வரியைத்தான் முதலில் பாடிப் பார்க்க வேண்டும்.

அது எட்டவில்லை என்றாலும் பாட்டைக் கைவிடத் தேவையில்லை. பெரும்பாலான கரோக்கி கருவிகளில் சுருதியை அரை அரைக் கட்டையாக ஏற்றி இறக்க முடியும். ‘ஒரு கட்டை குறைச்சு வைங்க’ என்று கேட்டால் போதும், வேகம் மாறாமல் பாட்டு முழுவதும் கீழே இறங்கிவிடும். ஆண் பாடிய பாட்டைப் பெண் பாடும்போதும், பெண் பாடியதை ஆண் பாடும்போதும் இது இல்லாமல் சமாளிப்பது கடினம். இதைக் கேட்க ஏனோ பலருக்கு வெட்கம். மேடைப் பாடகர்களே தங்கள் குரலுக்குத் தகுந்தபடி சுருதியை மாற்றிக்கொண்டுதான் பாடுகிறார்கள். கரோக்கியின் இன்னொரு தந்தையான டைசுகே இனோவேவின் கதையும் இங்கேதான் தொடங்குகிறது. கோபே நகரத்து பார்களில் வாசித்துக்கொண்டிருந்த அவரை ஒரு வாடிக்கையாளர் தன்னோடு வெளியூருக்கு வந்து வாசிக்கச் சொன்னார். போக முடியாத இனோவே, அந்த மனிதரின் குரலுக்கு ஏற்றபடி வாசித்து டேப்பில் பதிந்து கொடுத்தனுப்பினார். பிறகு 1971-ல் அதையே பெட்டிகளாக்கி பார்களுக்கு வாடகைக்கு விட்டார். பாடுகிறவருக்கு ஏற்றபடி இசை வளைந்து கொடுப்பது அன்றைக்கே இருந்தது, நாம்தான் கேட்பதில்லை.

சோகப் பாட்டே கூடாது என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. எல்லாருக்கும் தெரிந்த சோகப் பாட்டு என்றால் அறையே சேர்ந்து பாடும். யாருக்கும் தெரியாத ஏழு நிமிடப் பாட்டு, நடுவில் ஒரு நிமிட இடையிசை, அதுவும் எல்லாரும் ஆடிக்கொண்டிருக்கும் நேரத்தில் என்றால்தான் பிரச்சினை. அந்த ஒரு நிமிடம் மைக்கோடு நின்றுகொண்டு என்ன செய்வீர்கள் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். சற்று முன் இன்னொருவர் பாடிய பாட்டையே நீங்களும் பாடுவது அதைவிட மோசம். நீங்கள் நன்றாகப் பாடினால் இன்னும் மோசம்.

கண்ணாடி போடுகிறவர்கள் அதை மறக்காமல் எடுத்துப் போகலாம். இது சின்ன விஷயம்தான், ஆனால் ஸ்கிரீன் எப்போதும் நினைத்ததைவிடத் தள்ளித்தான் இருக்கும்.

வரிசையும் மைக்கும்

ஒரு பாட்டுக்கு நான்கு நிமிடம், ஆள் மாற ஒரு நிமிடம். மணிக்குப் பன்னிரண்டு பேர்தான் பாட முடியும். உங்களுக்கு முன்னால் இருபத்தைந்து பேர் எழுதிக் கொடுத்திருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். பார் களைகட்டிய பிறகு போய்விட்டு, ‘இன்னும் என் பேரே வரலை’ என்று நிகழ்ச்சி நடத்துகிறவரிடம் சண்டை போடுவதில் பயன் இல்லை. பாட வேண்டும் என்றால் சீக்கிரம் போங்கள். ஆட்டமும் கூட்டமும்தான் வேண்டும் என்றால் தாமதமாகப் போங்கள். இரண்டையும் ஒன்றாக எதிர்பார்க்கும்போதுதான் ஏமாற்றம்.

பொதுவாக எல்லாரும் ஒரு சுற்று பாடிய பிறகே இரண்டாம் சுற்று தொடங்கும். நண்பர்களின் பெயரில் நாலு சீட்டு எழுதி ஒருவரே பாடுவதை நடத்துகிறவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். சீட்டில் பாட்டின் பெயரோடு பாடியவரின் பெயரையும் எழுதுங்கள், ஒரே தலைப்பில் பல பாட்டுகள் இருக்கும். முறை நெருங்கும்போது வெளியே புகைபிடிக்கப் போய்விடாதீர்கள்.

மைக் விஷயத்தில் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறு, அதன் வலைத் தலையை உள்ளங்கையால் பொத்திப் பிடிப்பது. பார்க்க ஸ்டைலாக இருக்கும், ஒலிக்கு அது கேடு. இத்தகைய மைக்குகள் முன்னால் வரும் ஒலியை அதிகமாகவும் பின்னால் வருவதைக் குறைவாகவும் வாங்கும்படி அமைக்கப்பட்டவை. அந்த வேலையைச் செய்வது தலையின் பின்பக்கத் துளைகள். கையால் அவற்றை மூடினால் மைக் எல்லாப் பக்கமும் கேட்கத் தொடங்கும், ஸ்பீக்கர் ஒலி மைக்குக்குள் புகுந்து மறுபடி ஸ்பீக்கருக்கே போகும். காதைக் கிழிக்கும் அந்தக் கீச்சொலி அப்படித்தான் பிறக்கிறது. இடையிசையின்போது மைக்கைத் தொங்கவிட்டு, கீழே இருக்கும் ஸ்பீக்கருக்கு நேராகக் காட்டினாலும் இதே கதிதான். தண்டைப் பிடியுங்கள், வாய்க்கு இரண்டு மூன்று விரல்கடை தூரத்தில் வையுங்கள், உச்சக் குரலில் பாடும்போது சற்று விலக்குங்கள். பாடி முடித்துவிட்டு மைக்கைக் கீழே போட்டு ஹீரோவாகிறவர்களுக்கு ஒன்று: அது உங்கள் மைக் இல்லை.

உங்கள் குரல் உங்களுக்கே கேட்கவில்லை என்றால் தானாகவே கத்தத் தொடங்குவீர்கள். இரைச்சலில் மனிதர்கள் தங்களையறியாமல் குரலை உயர்த்துவதை எட்டியேன் லொம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-லேயே எழுதிவைத்தார். கத்துவதற்குப் பதில், மேடையில் இருப்பவர்களுக்கான ஸ்பீக்கரை ஏற்றச் சொல்லுங்கள்.

கீழே உட்கார்ந்திருக்கும்போது

பாடாத நேரத்தில் செய்யும் தவறுகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒருவர் தடுமாறும்போது இன்னொரு மைக்கை எடுத்துக்கொண்டு உதவப் போவது அதில் ஒன்று. அவர் கையசைத்துக் கூப்பிட்டால் போங்கள், இல்லையென்றால் மேசையிலிருந்தே சேர்ந்து பாடுங்கள். முகம் தெரியாத ஒருவர் சொதப்புவதை வீடியோ எடுத்துப் போடுவது இன்னொன்று, இது சுத்தமாக ஏற்க முடியாதது. ஒரு அறை பார்த்துச் சிரித்துவிட்டு மறப்பதும், உலகமே பார்ப்பதும் ஒன்றல்ல. இனோவேவுக்கு 2004-ல் நகைச்சுவைக்குப் பேர்போன இக்நோபல் விருது கொடுத்தார்கள், அதுவும் சமாதானத்துக்காக. மனிதர்கள் ஒருவரை ஒருவர் சகித்துக்கொள்ளப் புதிய வழியைத் தந்தாராம். வேடிக்கையாகச் சொன்னாலும் கரோக்கி பாரின் ஒரே எழுதாத சட்டம் அதுதான்: யார் பாடினாலும் கைதட்டல் உண்டு.

தைரியத்துக்கு ரெண்டு

பாடும் முன் பயம் போக ஒன்றிரண்டு போடுவது வழக்கம். மது பயத்தைக் குறைக்கும், கூடவே சுருதி, தாளக் கவனத்தையும் குறைக்கும். ஆனால் நன்றாகப் பாடுகிறோம் என்ற நினைப்பை மட்டும் கூட்டிவிடும். இதில் பலரும் கோட்டைவிடுவது நேரக் கணக்கில். குடித்தது இரத்தத்தில் உச்சத்தைத் தொட அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம்வரை ஆகும். ‘இன்னும் ஏறலையே’ என்று வரிசையில் காத்திருக்கும்போதே மூன்றாவதையும் போட்டவருக்கு, பெயர் கூப்பிடும்போது மூன்றும் சேர்ந்து ஏறும். வெறும் வயிற்றில் இன்னும் வேகமாக. சாப்பிட்டுவிட்டுத் தொடங்குவதும், ஒவ்வொரு கிளாஸுக்கு நடுவிலும் ஒரு கிளாஸ் தண்ணீர் குடிப்பதும் மட்டுமே ஓரளவு உதவும்.

கல்லீரல் தோராயமாக மணிக்கு ஒரு ஸ்மால் பெக் (30 மி.லி. விஸ்கி போன்ற மது) அளவைத்தான் கழிக்கும். காபி, குளிர்ந்த நீர், வாந்தி எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. காபி குடித்தால் தூக்கம் கலையும், போதை அப்படியே இருக்கும். தூக்க மாத்திரையோ தூக்கம் வரவழைக்கும் அலர்ஜி மாத்திரையோ எடுத்திருந்தால் அன்றைக்கு மது வேண்டாம். மேடைக்குப் போகும்போது கிளாஸை அப்படியே மேசையில் விட்டுப் போகாதீர்கள், நம்பிக்கையான ஒருவரிடம் கொடுங்கள். குடிக்காமல் வந்தவரை வற்புறுத்துவதையும் விட்டுவிடலாம். நாலு மணி நேரம் நினைவோடு பாட்டைக் கேட்கப்போகிறவர் அவர் ஒருவர்தான்.

ஒரு தவறு மட்டும் உயிரைப் பறிக்கக்கூடியது. மூலையில் மயங்கிக் கிடப்பவரை ‘தூங்கி எழட்டும்’ என்று விட்டுவிடுவது. எழுப்பினால் எழவில்லை, மூச்சு மிக மெதுவாக அல்லது பத்து விநாடிக்கும் மேல் இடைவெளி விட்டு வருகிறது, உடல் சில்லிட்டோ உதடு நீலம்பாரித்தோ இருக்கிறது என்றால் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். வரும்வரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாந்தி மூச்சுக்குழாயில் போகாதபடி பக்கத்திலேயே இருங்கள்.

தொண்டை, காது

மறுநாள் தொண்டை கட்டிக்கொள்வதற்குப் பாட்டைக் குறைசொல்வோம். பாடியது என்னவோ பத்து நிமிடம். மீதி நேரமெல்லாம் ஸ்பீக்கரை மீறிக் கத்திப் பேசியதுதான் காரணம். குடிக்கிற தண்ணீர் குரல் நாண்களை நேராகத் தொடுவதில்லை, உணவுக்குழாய் வழியே போய்விடுகிறது. உடலில் நீர் போதுமான அளவு இருந்தால்தான் நாண்கள் ஈரமாக இருக்கும். அதனால் மேடைக்குப் போகும் முன் ஒரு மடக்கு குடிப்பதில் பெரிய பயன் இல்லை, மாலையிலிருந்தே குடித்துவர வேண்டும். கரோக்கி பாடும் இளைஞர்களை வைத்து ஹாங்காங்கில் நடத்தி 2003-ல் வெளியிட்ட ஆய்வில், தண்ணீரும் பாட்டுகளுக்கு இடையே சிறு ஓய்வும் கிடைத்தவர்கள் மற்றவர்களைவிட அதிக நேரம் பாட முடிந்தது. மரத்துப்போக வைக்கும் மிட்டாயைச் சப்பிக்கொண்டு பாடுவது ஆபத்து, வலி தெரியாமல் மேலும் கெடுத்துக்கொள்வீர்கள். மறுநாள் கிசுகிசுத்துப் பேசுவதும் ஓய்வாகாது, பேசாமல் இருப்பதே ஓய்வு. கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

காதுக்கும் ஒரு கணக்கு உண்டு. 85 டெசிபெல் ஒலியை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்றால், ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லில் மிஞ்சுவது கால் மணி நேரம். ஸ்பீக்கருக்குப் பக்கத்து மேசை காலியாக இருக்கிறதே என்று உட்காராதீர்கள், அது காலியாக இருப்பதற்குக் காரணம் உண்டு.

கிளம்பும் நேரம்

எப்படித் திரும்புவது என்பதைக் கிளாஸைத் தொடும் முன்பே முடிவு செய்ய வேண்டும். கடைசி வண்டி எத்தனை மணிக்கு, போனில் சார்ஜ் இருக்கிறதா, பில்லை யார் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் நள்ளிரவுக்குப் பிறகு பேசினால் விளங்காது. ஒருவர் கார்டைக் கொடுத்துவைத்து எல்லாரும் அதிலேயே வாங்குவது வசதிதான், ஆனால் மூடும் நேரத்தில் அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் இருக்கமாட்டார்கள். அவரவர் கிளம்பும்போதே கணக்கை முடித்துக்கொள்வது நல்லது.

‘நம்மில் குறைவாகக் குடித்தவர் ஓட்டட்டும்’ என்பதும் தவறு. ஓட்டுகிறவர் குடிக்காதவராக இருக்க வேண்டும். பலர் மறப்பது மறுநாள் காலையை. இரவு பத்துக்குத் தொடங்கி இரண்டு மணிக்குள் ஒன்பது ஸ்மால் உள்ளே போயிருந்தால், மணிக்கு ஒன்று என்ற கணக்கில் எல்லாம் கழிய ஏழு மணி ஆகும், சிலருக்கு இன்னும் கூட. பாரில் விட்டுவந்த வண்டியை எடுக்க அதிகாலையில் அலாரம் வைத்து ஓடாதீர்கள், மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டுப் போய் எடுங்கள்.