குழந்தையின் கையிலோ வாயிலோ ரசாயனம் பட்டுவிட்டால்: முதல் அரை மணி நேரத்திலும் அதற்கு முன்பும் செய்ய வேண்டியவை

என் மகள் ஒன்பதாம் மாதத்தில் தவழத் தொடங்கிய வாரத்திலேயே, தரை துடைக்கும் திரவம் இருந்த புட்டியைச் சாய்த்துக் கையையும் வாயையும் நனைத்துக்கொண்டாள். இரண்டு முறை பால் கக்கியதோடு சரி. மாலைக்குள் வழக்கம்போல் விளையாடத் தொடங்கிவிட்டாள். ஆனால் அன்று தொலைபேசியில் கேட்கப்பட்ட நான்கு கேள்விகளில் ஒன்றுக்கு மட்டுமே என்னால் பதில் சொல்ல முடிந்தது. மற்ற மூன்றுக்கும் விடை தேடுவதில் இருபது நிமிடங்கள் போயின. அதே நிலையில் இன்னொருவர் நிற்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். இங்குள்ள முதலுதவிக் குறிப்புகள், அந்த நிகழ்வுக்குப் பிறகு குழந்தை மருத்துவரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெளிந்தவை.

குழந்தைக்கு மூச்சுத் திணறல், வலிப்பு, நினைவிழப்பு, உதடு நீலம் பாய்தல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் படிப்பதை இங்கேயே நிறுத்திவிட்டு அவசர ஊர்தியை அழையுங்கள். கீழுள்ள படிகள், குழந்தை விழிப்போடு அழுதுகொண்டோ விளையாடிக்கொண்டோ இருக்கும் நிலைக்கானவை.

முதற்படி: விலக்குங்கள், துடையுங்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள்

குழந்தையைப் பொருளிடமிருந்து விலக்குங்கள். நெடி மூக்கில் ஏறினால் காற்றோட்டமான இடத்துக்குத் தூக்கிச் செல்லுங்கள். வாயில் ஏதேனும் எஞ்சியிருந்தால் ஈரத்துணியைச் சுட்டு விரலில் சுற்றி, கன்னத்தின் உட்புறத்தையும் ஈறையும் மெல்லத் துடைத்தெடுங்கள். விரலைத் தொண்டை வரை கொண்டுபோக வேண்டாம்.

எங்கள் வீட்டில் அன்று இருந்த பெரியவர் ஒருவர் உப்புக் கரைத்த நீரைக் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாம் என்றார். அக்கறையில் சொன்னதுதான், ஆனால் செய்யவே கூடாதது. கழிவுநீர்க் குழாயில் ஊற்றும் அடைப்பு நீக்கி போன்ற காரப் பொருள் (அல்கலி) தொண்டையில் இறங்கும்போது ஒரு முறை சுட்டதென்றால், வாந்தியாக மேலே வரும்போது இன்னொரு முறை சுடும். மண்ணெண்ணெய், டர்பன்டைன், கொசுவிரட்டித் திரவம் போன்ற எண்ணெய் வகைப் பொருள்களில் ஆபத்து வயிற்றில் இல்லை. வாந்தியின்போது சில துளிகள் நுரையீரலுக்குள் புகுந்தாலே அழற்சி உண்டாகும். உப்பு நீரோ இரத்தத்தில் சோடியத்தைக் கடுமையாக உயர்த்தி உயிருக்கே உலை வைக்கலாம். வாந்தி எடுக்க வைப்பதற்கென்றே ஒரு காலத்தில் வீடுகளில் வைத்திருந்த இபிகாக் மருந்தைக்கூட இனி வைத்திருக்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2003-ஆம் ஆண்டில் அறிவித்துவிட்டது. பால், தண்ணீர், கரித்தூள் என்று எதையும் உங்கள் யோசனையில் கொடுக்காதீர்கள். தொலைபேசியில் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

இரண்டாம் படி: தோலும் கண்ணும்

தோலில் பட்டிருந்தால் உடையைக் கழற்றிவிட்டு, வெதுவெதுப்பான ஓடும் நீரில் 15 முதல் 20 நிமிடங்கள் கழுவ வேண்டும். நனைந்த சட்டையைத் தலைவழியாக உருவினால் திரவம் முகத்தில் படும் என்பதால், கத்தரிக்கோலால் வெட்டி எடுப்பதே நல்லது. பலர் மறப்பது டயப்பரை. அது திரவத்தை உறிஞ்சி, தோலோடு ஒட்டி வைத்துக்கொண்டிருக்கும். அமிலம் பட்ட இடத்தில் சோடா உப்புத் தூவலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தண்ணீர் போதும். பச்சிளம் குழந்தையின் உடல் விரைவில் குளிர்ந்துவிடும் என்பதால் துவாலையை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணில் பட்டால் இருவர் தேவை. குழந்தையின் கைகளை உள்ளடக்கித் துவாலையால் இறுக்கமின்றிச் சுற்றுங்கள். பாதிக்கப்பட்ட கண் கீழ்ப்பக்கம் இருக்குமாறு தலையைச் சாய்த்து, மூக்கின் ஓரத்திலிருந்து வெளிப்பக்கமாக நீர் வழியும்படி மெல்ல ஊற்றுங்கள். இதுவும் 15 முதல் 20 நிமிடங்கள்தான். அலறும் குழந்தையைப் பிடித்துக்கொண்டிருக்கும் பெற்றோருக்கு மூன்று நிமிடமே ஒரு யுகமாகத் தோன்றும் என்பதால், மனக்கணக்கை நம்பாமல் கைபேசியில் நேரத்தைக் குறித்து வையுங்கள். வீட்டில் இருக்கும் கண் சொட்டு மருந்தைப் போடாதீர்கள்.

மூன்றாம் படி: தொலைபேசியில் என்ன சொல்வது

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். பல நாடுகளில் நச்சுத் தகவல் மையங்கள் இயங்குகின்றன. உலக சுகாதார நிறுவனம் அவற்றின் பட்டியலைப் பராமரிக்கிறது. உங்கள் நாட்டு மையத்தின் எண்ணை இன்றே கைபேசியில் சேமித்து வையுங்கள். மையம் இல்லாத நாடாக இருந்தால், இரவிலும் திறந்திருக்கும் மருத்துவமனையின் எண்ணைச் சேமியுங்கள். அழைத்தவுடன் கேட்கப்படுபவை ஏறத்தாழ இந்த நான்கு: குழந்தையின் வயதும் எடையும் என்ன, பொருளில் உள்ள வேதிப்பொருள் எது, அதன் செறிவு எவ்வளவு, எவ்வளவு உள்ளே போயிருக்கும்.

எடையைச் சொன்னேன். வேதிப்பொருள் என்னவென்று தெரியவில்லை. ஐந்து லிட்டர் கலனில் வாங்கியதை, கைக்கு அடக்கமாக இருக்கட்டுமே என்று பழைய தண்ணீர்ப் புட்டியில் ஊற்றி வைத்திருந்தேன். கலனைப் பழைய பொருள்களோடு கட்டி வெளியே வைத்துவிட்டேன். நிறத்தையும் வாசனையையும் வர்ணித்தேன். அந்த வர்ணனையால் எந்தப் பயனும் இல்லை. தரை துடைக்கும் திரவம் என்ற ஒரே பெயரில் விற்கப்படுபவற்றுள் பென்சல்கோனியம் குளோரைடு கலந்தவை உண்டு, பைன் எண்ணெய் கலந்தவை உண்டு, பீனால் வகை கலந்தவையும் உண்டு. மூன்றும் உடலில் செய்யும் வேலை வேறு. ஒரே வேதிப்பொருளாக இருந்தாலும், நீர்த்த நிலையில் வாயெரிச்சலோடு நின்றுவிடுவது, அடர் நிலையில் உணவுக்குழாயைப் புண்ணாக்கலாம். கட்டுக்குள்ளிருந்து கலனைத் தேடியெடுத்துப் பின்பக்க எழுத்தைப் படித்துக் காட்டிய பிறகுதான், செறிவு குறைவு, வீட்டிலேயே கவனித்தால் போதும் என்ற பதில் கிடைத்தது.

அளவைக் கணிப்பதற்கு ஒரு வழி உண்டு. புட்டியில் முன்பு எந்த மட்டம் வரை திரவம் இருந்தது என்று நினைவிருந்தால், அதே அளவுள்ள வேறொரு வெற்றுப் புட்டியில் இப்போதைய மட்டம் வரை நீர் நிரப்புங்கள். அங்கிருந்து பழைய மட்டம் வரை, மருந்து புகட்டும் ஊசியில்லாச் சிரிஞ்சால் நீரை அளந்து ஊற்றுங்கள். ஊற்றிய மில்லிலிட்டர்தான் காணாமல் போன அளவு. தரையிலும் உடையிலும் சிந்தியதைக் கழிக்க முயலாதீர்கள். முழுவதும் உள்ளே போயிருக்கலாம் என்ற மிகுதியான கணக்கையே சொல்லுங்கள், கழிப்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். மட்டம் நினைவில்லையென்றால், ஒரு வயதை ஒட்டிய குழந்தையின் ஒரு மிடறு ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி என்பதை வைத்துக் கணக்கிடலாம். இதற்காக அழைப்பைத் தாமதிக்க வேண்டாம். ஒருவர் பேசும்போது மற்றொருவர் அளக்கட்டும்.

அறிகுறிக்காகக் காத்திருக்கக் கூடாதவை

சில பொருள்களில் குழந்தை நன்றாக இருக்கிறது என்பதை நம்பக் கூடாது. சோடியம் ஹைட்ராக்சைடு கலந்த அடைப்பு நீக்கியை விழுங்கிய குழந்தையின் வாயில் புண் எதுவும் தெரியாதபோதும் உணவுக்குழாய் வெந்திருக்கக்கூடும். உணவுக்குழாயில் சிக்கிய பொத்தான் மின்கலம் இரண்டே மணி நேரத்தில் ஆழமான புண்ணை உண்டாக்கிவிடும். ஒரு வயதைக் கடந்த குழந்தைக்கு மருத்துவமனை செல்லும் வழியில் தேன் கொடுக்கச் சொல்வார்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேனால் பாட்டுலிசம் என்னும் நச்சுநோய் வரும் அபாயம் இருப்பதால் கொடுக்கக் கூடாது. கற்பூரமும், கற்பூரம் கலந்த தைலமும் சிறு அளவிலேயே, சில நிமிடங்களுக்குள் வலிப்பை உண்டாக்கலாம். பூச்சிக்கொல்லி, எலிமருந்து, மண்ணெண்ணெய், டர்பன்டைன் ஆகியவற்றுக்கும் இதே விதிதான். பொருளின் உறையைக் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இரவெல்லாம் உறக்கமின்றித் தவிப்பீர்கள். காலணிப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் மணிகளுக்கு நச்சுத்தன்மை இல்லை. தொண்டையில் சிக்குவதுதான் கவலை. சாதாரணக் கைச்சோப்பையும் பாத்திரம் துலக்கும் திரவத்தையும் நக்கினால் பெரும்பாலும் நுரைத்த வாந்தியோடு முடிந்துவிடும். ஆனால் மாத்திரை வடிவில் வரும் சலவைத் திரவப் பொதிகளை இவற்றோடு சேர்க்காதீர்கள். அவை மிக அடர்த்தியானவை, மூச்சையும் கண்ணையும் பாதித்திருக்கின்றன.

நான்காம் படி: முன்கூட்டியே செய்து வைக்க வேண்டியது

வீட்டில் உள்ள ஒவ்வொரு ரசாயனப் பொருளின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் தெளிவாகப் படம் எடுங்கள். வேதிப்பொருளின் பெயரும் சதவீதமும் பெரும்பாலும் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் என்பதால், படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துப் படிக்க முடிகிறதா என்று அப்போதே உறுதிசெய்யுங்கள். வேறு புட்டிக்கு மாற்றுவதை அடியோடு விட்டுவிட்டேன். பெரிய கலன் மலிவுதான். இருந்தாலும் இப்போது சிறிய புட்டிகளாகவே வாங்குகிறேன்.

பூட்டுகளைப் பற்றி என் கருத்து சற்றுக் கடுமையானது. ஒட்டுப்பசையுள்ள பட்டைப் பூட்டுகள் ஈரம்பட்டால் ஓரிரு மாதங்களில் பெயர்ந்துவிடுகின்றன. காந்தப் பூட்டு நல்லது, ஆனால் சாவிக்காந்தத்தைத் தேட அலுத்துப் பெரியவர்களே திறந்து போட்டுவிடுகிறார்கள். தோளுக்கு மேலான உயரத்தில் சாதாரணத் தாழ்ப்பாள் போட்ட அலமாரிதான் என் தேர்வு. குழந்தையால் திறக்க முடியாத மூடி என்று விற்கப்படுவதை மட்டும் நம்பாதீர்கள். ஐஎஸ்ஓ 8317 என்னும் பன்னாட்டுத் தரத்தின்படி, பத்து நிமிடச் சோதனையில் நூற்றுக்கு 80 சிறுவர்களால் திறக்க முடியவில்லை என்றாலே அந்த மூடி தேர்ச்சி பெறும். எஞ்சிய இருபது பேர் திறந்துவிட்டிருக்கலாம்.

பிளீச்சிங் திரவத்தையும் அமிலக் கழிப்பறைத் திரவத்தையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு வெளியாகும். அது காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது என்பதால் தரையை ஒட்டியே தங்கும், தவழும் குழந்தையின் மூக்கு இருக்கும் உயரமும் அதுதான். பிளீச்சிங்கோடு அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் சேர்ந்தாலும் குளோரமைன் என்னும் எரிச்சலூட்டும் வாயு உண்டாகும். பிறந்த குழந்தை நிமிடத்துக்கு 30 முதல் 60 முறை மூச்சு விடுகிறது, நாம் 12 முதல் 20 முறை. எடைக்கேற்ற கணக்கில் அதே காற்றிலிருந்து குழந்தை நம்மைவிட மிகுதியாக உள்ளிழுக்கிறது.

பின்சேர்க்கைகள்

வாசகர் ஒருவர் அந்துருண்டையை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டிருந்தார், கேட்டது நியாயமே. நாப்தலீன் உருண்டையோடு பெட்டியில் வைத்திருந்த துணியைத் துவைக்காமல் குழந்தைக்குப் போர்த்தினால், தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் நாப்தலீன் உள்ளே போகும். ஜி6பிடி என்னும் நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு இது இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பச்சிளம் குழந்தைக்குக் கடுமையான மஞ்சள்காமாலையும் வரலாம். சிறுநீர் கருமையாதல், முகம் வெளிறுதல், கண் மஞ்சளாதல் ஆகியவை ஒன்று முதல் மூன்று நாள் கழித்தும் வெளிப்படலாம் என்பதால், முதல் நாள் நன்றாக இருந்ததே என்று விட்டுவிடக் கூடாது.

இன்னொருவர் பாதரச வெப்பமானி உடைந்ததைக் குறிப்பிட்டார். விழுங்கிய பாதரசத் துளியைவிட ஆவியாகி மூச்சில் கலப்பதே ஆபத்து. துடைப்பத்தால் பெருக்காதீர்கள், தூசி உறிஞ்சியைப் பயன்படுத்தவே கூடாது. இரண்டுமே துளிகளைச் சிதறடித்து ஆவியாக்கும். குழந்தையை வெளியேற்றி, சன்னலைத் திறந்து, கெட்டி அட்டையால் துளிகளை ஒன்றுசேர்த்து, மிச்சத்தை ஒட்டுநாடாவால் எடுத்துக் காற்றுப்புகாத கலனில் அடையுங்கள்.

மூன்றாவது திருத்தம் என் சொந்தத் தவற்றைப் பற்றியது. படங்களையெல்லாம் என் கைபேசியில் வைத்திருந்தேன். ஆனால் பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது என் தாயார். அவரிடம் படம் இல்லை என்பதை ஒரு வாசகர் கேட்ட பிறகே உணர்ந்தேன். இப்போது படங்களை அச்சிட்டு, தொலைபேசி எண்களோடு அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறோம். அதே பெயரில் வரும் பொருளின் கலவையை உற்பத்தியாளர்கள் மாற்றிவிடுவதுண்டு என்பதால், புதிதாக வாங்கும்போதெல்லாம் பின்பக்கத்தை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் அலமாரியில் வைக்கிறோம். குழந்தையின் எடையை மட்டும் அந்தத் தாளில் பென்சிலால் எழுதியிருக்கிறார் அம்மா. தடுப்பூசிக்குப் போய் வரும் ஒவ்வொரு முறையும் அழித்துப் புதிதாக எழுதுகிறார்.