கதை படித்தே சொற்களைச் சேர்க்கலாம்

அகராதியை வைத்துக்கொண்டு நாளுக்கு இருபது ஆங்கிலச் சொல் என்று மனப்பாடம் செய்து, மூன்றாம் நாளே பாதியை மறந்தவர்களில் நானும் ஒருவன். அப்புறம் கதைப் புத்தகத்துக்கு மாறினேன்.

'ஷ்ரக்' என்ற ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அகராதியில் தோளைக் குலுக்குதல் என்றிருக்கும், சரி, எதற்காகக் குலுக்குகிறார்கள்? கதையில் அம்மா "எங்கே போயிருந்தாய்?" என்று கேட்க, பையன் பதில் சொல்லாமல் ஷ்ரக் செய்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான் என்று படிக்கும்போது, அதிலுள்ள அலட்சியமும் 'எனக்கென்ன' என்ற தோரணையும் சேர்ந்தே மனதில் ஒட்டிக்கொள்ளும்.

புத்தகத் தேர்வில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். துணையில்லாமல் ஒரு கதையைப் புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் சுமார் 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும் என்று ஹூ, நேஷன் என்ற இருவர் 2000இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது, அதாவது ஐம்பது சொல்லுக்கு ஒன்றுதான் புதிதாக இருக்கலாம். பக்கத்துக்குப் பக்கம் தடுக்கினால் கூச்சப்படாமல் சிறுவர் கதைக்கு இறங்கிவிடுங்கள்.

முதல் வாசிப்பில் அகராதியைத் தொடாதீர்கள், பென்சிலால் கோடு மட்டும் போடுங்கள். அத்தியாயம் முடிந்ததும் திரும்பி வந்து, முதலில் நீங்களாக ஊகித்து, பிறகு சரிபாருங்கள். சூழலை வைத்து ஊகிப்பது சில நேரம் தப்பாகவும் போகும், 'ஷ்ரக்' என்றால் முறைப்பது என்றுதான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன். நோட்டில் சொல்லை மட்டும் எழுதாமல் அந்த வாக்கியத்தையே எழுதி வையுங்கள், ஒரு வாரம் கழித்துச் சொல்லை மறைத்துவிட்டு வாக்கியத்தைப் படித்தால் விடுபட்ட சொல் தானாக வாயில் வருகிறதா என்று தெரிந்துவிடும்.