இரண்டு காப்பிக் கொட்டை, இரண்டு மிளகு: பன்மடியச் செடிகளின் மரபுக் கணக்கு

ஏற்காட்டுத் தோட்டங்களில் சில்வர் ஓக் நிழலில் வளரும் அரபிக்கா காப்பிச் செடிக்கு 44 குரோமோசோம்கள். ரொபஸ்டாவுக்கு 22தான். ரொபஸ்டாவும் யூஜினியாய்டிஸ் என்ற ஆப்பிரிக்கக் காட்டுக் காப்பியும் கலந்து பிறந்ததே அரபிக்கா; இரண்டிடமிருந்தும் இரண்டிரண்டாக, அதற்கு நான்கு குரோமோசோம் தொகுதிகள். இப்படி இரண்டுக்கு மேல் தொகுதிகள் உள்ளவையே பன்மடியச் செடிகள். சேலத்துச் சந்தையில் வாங்கும் உருளைக்கிழங்குக்கும் நான்கு தொகுதிகள், 48 குரோமோசோம்கள். ஆனால் அந்த நான்கும் ஒன்றுக்கொன்று ஒத்தவை. இரண்டு இனங்களின் தொகுதிகள் சேர்ந்த முதலாவது அயல்பன்மடியம், ஒரே வகைத் தொகுதிகள் கொண்ட இரண்டாவது தன்பன்மடியம்.

இரண்டிலும் ஒரு மரபணுவுக்கு நான்கு பிரதிகள் இருந்தும், சந்ததியில் கிடைக்கும் விகிதம் ஒன்றாக இருக்காது. எந்தக் குரோமோசோம் எதனோடு ஜோடி சேருகிறது என்பதில்தான் விஷயம். செய்தே பார்த்துவிடலாம்.

படி 1: இரண்டு காப்பிக் கொட்டையும் இரண்டு மிளகும் எடுங்கள். ஒரு மரபணுவின் மாற்று வடிவங்களை அல்லீல் என்பார்கள். கொட்டை ஓங்கு அல்லீல், மிளகு ஒடுங்கு அல்லீல். ஒரு கொட்டை இருந்தாலே ஓங்கு பண்பு தெரியும் என்று வைத்துக்கொள்வோம்.

படி 2, உருளைக்கிழங்கு: நான்கையும் ஒரே தட்டில் போடுங்கள். குன்றல் பகுப்பில், அதாவது இனப்பெருக்க செல்கள் உருவாகக் குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகும்போது, எதுவும் எதனோடும் ஜோடி சேரலாம். ஒரு கேமீட்டுக்கு (இனப்பெருக்க செல்லுக்கு) இரண்டு போகும். கொட்டைகளுக்கு 1, 2 என்றும் மிளகுகளுக்கு 3, 4 என்றும் எண் கொடுத்து, இரண்டிரண்டாக எடுக்கும் வழிகளை எழுதுங்கள்: 1-2, 1-3, 1-4, 2-3, 2-4, 3-4. ஆறு வழிகளில் வெறும் மிளகு வருவது 3-4 மட்டும். தன் மகரந்தச் சேர்க்கையில் இரண்டு பக்கமும் மிளகாகவே அமைய வாய்ப்பு 36-இல் 1. ஓங்கு பண்புக்கும் ஒடுங்கு பண்புக்கும் விகிதம் 35:1. (குரோமோசோமின் இடுங்கிய பகுதியான சென்ட்ரோமியருக்குத் தொலைவில் உள்ள மரபணுவில் இது கொஞ்சம் மாறும். ஆரம்பத்தில் அதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

படி 3, அரபிக்கா: இப்போது இரண்டு தட்டு. ஒன்று ரொபஸ்டா வழி வந்தது, மற்றது யூஜினியாய்டிஸ் வழி வந்தது. ஜோடி பெரும்பாலும் அந்தந்தத் தட்டுக்குள்தான். கேமீட்டுக்குத் தட்டுக்கு ஒன்று போகும். தட்டுக்கு ஒரு கொட்டை, ஒரு மிளகு வைத்தால் வெறும் மிளகுக் கேமீட்டு 4-இல் 1. அப்புறம் சந்ததியில் 15:1.

சரி, அதே நான்கை மாற்றி வையுங்கள்: இடது தட்டில் இரண்டு கொட்டை, வலது தட்டில் இரண்டு மிளகு. இனி எந்தக் கேமீட்டை எடுத்தாலும் ஒரு கொட்டை, ஒரு மிளகு. விதை போட்டு எத்தனை தலைமுறை வளர்த்தாலும் கலப்பு கலையாது! எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். கோதுமையில் இப்படித் தட்டு மாறாமல் காப்பதற்கென்றே பிஎச்1 என்று ஒரு மரபணு இருக்கிறது.

படி 4: ஒரு கொட்டை, மூன்று மிளகு வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள். ஒரே தட்டில் ஆறு வழிகளில் மூன்று வெறும் மிளகு. இரண்டு தட்டிலும் பாதிக்குப் பாதி. இரண்டிலும் 3:1தான் வரும், மெண்டலின் பட்டாணியைப் போலவே. ஆகவே ஒரு செடி எந்த வகை என்று விகிதத்தை வைத்துக் கண்டுபிடிக்க, ஒற்றைக் கொட்டைச் செடி உதவாது.