எலிவால் அருவி பார்க்க எப்போது கிளம்பலாம்?

வத்தலக்குண்டுக்காரன் என்பதால் கொடைக்கானல் போகும் சொந்தக்காரர்கள் எல்லோரும் என்னிடம்தான் கேட்பார்கள். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பருக்குள் வாருங்கள். பழனி மலைக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை; கோடையில் வந்தால் பாறையைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

முதலில் கொடைக்கானல் போக இணையத்தில் இ-பாஸ் எடுத்துவிடுங்கள். 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிகளுக்கு அது கட்டாயம்.

காலையிலேயே மலையேறுவது முக்கியம். தலையாறு என்கிற இந்த எலிவால் அருவி 297 மீட்டர் உயரம். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும் மலைப்பாதையில் இருக்கும் டம் டம் பாறையில் நின்று தூரத்திலிருந்துதான் பார்க்க முடியும். பச்சை மலைமேல் சுண்ணாம்பால் கோடு இழுத்ததுபோல் இருக்கும். கொஞ்சம் கண்ணை நிலைநிறுத்திப் பாருங்கள், அந்தக் கோடு காற்றில் மெல்ல அசையும். எனக்கு அந்த அசைவுதான் உயிர். மத்தியானம் மேகம் ஏறிவிட்டால் எதுவும் தெரியாது.

நீரைக் கிட்டே பார்க்க ஆசையா? சரி, கொடைக்கானலுக்கு 8 கிலோமீட்டர் முன்னால், சாலையோரமே வெள்ளி நீர்வீழ்ச்சி. கொடைக்கானல் ஏரி நிறைந்து வழியும் தண்ணீர்தான் அங்கே விழுகிறது. குரங்குகள் அதிகம், தின்பண்டப் பையை வண்டிக்குள்ளேயே வையுங்கள். வழுக்குப் பாறையில் பிள்ளைகளை ஏறவே விடாதீர்கள்.