செஸ்னாவில் கௌரா: முதல் வார இறுதிப் பயணம் போவது எப்படி?

ஆஸ்திரேலியாவில், சிட்னிக்கு மேற்கே இருக்கும் கௌரா என்ற ஊருக்கு அங்கிருந்து காரில் போனால் நான்கு மணி நேரம் ஆகும். சிட்னியின் பேங்க்ஸ்டவுன் விமான நிலையத்தில் செஸ்னா 172 என்ற சிறு விமானத்தை எடுத்தால் ஒன்றரை மணி நேரம் போதும். விமானி உரிமம் வாங்கியும் இன்னும் வெளியூர் பறக்காதவர்களுக்கு ஏற்ற ஊர்.

1. முதலில் எடை. நான்கு இருக்கை இருக்கிறதே என்று நான்கு பேரை ஏற்றிவிடாதீர்கள். டேங்கை நிரப்பினால் எரிபொருளே 140 கிலோவைத் தாண்டும். மூன்று பெரியவர்கள், ஆளுக்கொரு சின்னப் பை, அதோடு சரி. கூச்சப்படாமல் எல்லாரையும் எடை மெஷினில் ஏற்றுங்கள். வாயால் சொல்லும் எடை எப்போதும் குறைவாகத்தான் இருக்கும்!

2. எரிபொருள் சோதனை. இறக்கைக்கு அடியிலிருந்து கொஞ்சம் வடித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஆவ்காஸ், அதாவது சிறு விமானங்களுக்கான பெட்ரோல், இளநீலமாக இருக்கும். அடியில் நிறமில்லாத குமிழி உருண்டால் அது தண்ணீர். குப்பி முழுக்கவே தண்ணீராக இருந்தால் குமிழியே தெரியாது. அதனால் நிறத்தைப் பார்க்காமல் நகராதீர்கள்.

3. மலை. வழியில் புளூ மவுண்டன்ஸ் குறுக்கே நிற்கிறது. கட்டூம்பாவே சுமார் 1,000 மீட்டர் உயரம். பேங்க்ஸ்டவுனில் வெயில் அடிக்கும்போதே அங்கே மேகம் தரையைத் தொட்டுக் கிடக்கும். மேகத்துக்கும் மலைக்கும் நடுவே இடுக்கில் நுழைந்து போய்விடலாம் என்று தோன்றினால், அப்போதே திரும்பிவிடுங்கள்.

4. இறங்குவது. கௌராவில் கன்ட்ரோல் டவர் கிடையாது. எங்கே இருக்கிறீர்கள், என்ன செய்யப் போகிறீர்கள் என்று ரேடியோவில் நீங்களே சொல்ல வேண்டும். மேலே வந்து, காற்றின் திசை காட்டும் துணிக்குழலான காற்றுப்பையைப் பாருங்கள், அப்படியே ஓடுபாதையில் கங்காரு நிற்கிறதா என்றும். இறங்கியதும் விமானத்தைக் கயிற்றால் கட்டுங்கள்.

செப்டம்பரில் போனால் வயலெல்லாம் கனோலா என்ற எண்ணெய்வித்துப் பயிரின் பூ மஞ்சள். ஊரில் ஜப்பானியத் தோட்டத்தை விடாதீர்கள். 1944 ஆகஸ்ட் 5 அன்று இங்கிருந்த முகாமிலிருந்து ஜப்பானியப் போர்க்கைதிகள் தப்ப முயன்றபோது 231 பேர் இறந்தார்கள். அந்த ஊரிலேயே 1979-இல் இந்தத் தோட்டம் திறக்கப்பட்டது.

5. திரும்புவது. கண்ணால் பார்த்துப் பகலில் பறப்பதற்கான விதிப்படி, கடைசி வெளிச்சத்துக்கு 10 நிமிடம் முன்பே தரையில் இருக்க வேண்டும். ஞாயிறு மதியமே கிளம்பப் பாருங்கள். அப்புறம், திங்கட்கிழமை வர முடியாமல் போகலாம் என்று வெள்ளிக்கிழமையே ஆபீஸில் சொல்லிவையுங்கள். மேகம் விடவில்லையென்றால் பஸ்ஸிலும் ரயிலிலுமாக மாறி சிட்னி திரும்பலாம். விமானத்தை அப்புறம் வந்து எடுத்துக்கொள்ளலாம்.