விட்டுவிட்டு வரும் முன்னங்கால் நொண்டல்: சவாரிக் குதிரைக்கு என்ன செய்வது?

நேற்று நொண்டிய குதிரை இன்று சரியாக நடந்தால் குணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. பத்து நாள் ஓய்வு, பிறகு சவாரி, மறுபடி நொண்டல் என்று மாதக்கணக்கில் இழுப்பதுதான் வழக்கமாக நடப்பது. ஓய்வில் வலி அடங்கும், காரணம் அப்படியே இருக்கும். அந்தக் காரணத்தைப் பிடிக்க, எப்போது நொண்டுகிறது என்பதைத்தான் முதலில் பிடிக்க வேண்டும்.

கெட்டியான சமதரையில், கயிற்றைத் தளரவிட்டு, நேர்கோட்டில் ட்ராட் (நடைக்கு அடுத்த, மெதுவான ஓட்டம்) ஓட்டிப் பாருங்கள். கயிற்றை இறுக்கிப் பிடித்தால் தலையசைவு மறைந்துவிடும். வலிக்கும் முன்னங்கால் தரையில் படும்போது தலை மேலே எழும். நல்ல கால் ஊன்றும்போது தாழும். தலை தாழும் பக்கத்துக் காலைச் சந்தேகித்து ஏமாறுபவர்கள் நிறைய. கண்ணுக்குப் பிடிபடவில்லையென்றால் மொபைலில் ஸ்லோமோஷனில் எடுங்கள். பின்னாலிருந்தும் எடுக்க வேண்டும். பின்னங்கால் வலி சில நேரம் அதே பக்க முன்னங்கால் வலிபோலத் தலையில் தெரியும்.

அடுத்து வட்டம், இரண்டு பக்கமும். கெட்டித் தரை வட்டத்தில் நொண்டல் கூடினால் முதல் சந்தேகம் குளம்பு. மணலில் கூடினால் தசைநார், தசைநாண் பக்கம் பார்க்க வேண்டும். இது குறிப்புதான், முடிவல்ல. இரண்டு முன்னங்காலும் ஒரே அளவு வலித்தால் நேர்கோட்டில் தலை ஆடாமலே இருக்கலாம், எடுத்து வைக்கும் அடி மட்டும் குட்டையாகும். இடப்பக்க வட்டத்தில் இடது, வலப்பக்கத்தில் வலது என்று நொண்டல் மாறும். 'சோம்பேறி' என்று பெயர் வாங்கிய குதிரைகளில் சில இந்த ரகம்தான்.

ஒவ்வொரு முறையும் குறித்து வையுங்கள்: தேதி, தரை, சவாரியில் எத்தனையாவது நிமிடம், லாடம் அடித்து எத்தனை நாள். லாடம் அடித்த ஓரிரு நாளில் நொண்டினால் ஆணி உயிர்ப்பகுதியை ஒட்டி இறங்கியிருக்கலாம். ஐந்து, ஆறு வாரம் கழிந்தபின் மட்டும் வந்தால் குளம்பின் முனை நீண்டு, குதிகால் பக்கம் சுமை ஏறியிருக்கலாம். அப்போது லாடம் மாற்றும் இடைவெளியைக் குறைக்க வேண்டும். பக்கவாட்டு எக்ஸ்ரேயை வைத்துக்கொண்டு முனையைக் குறைப்பது, கண்ணளவில் செதுக்குவதைவிட எவ்வளவோ மேல்.

ஃபெட்லாக் மூட்டின் (குளம்புக்குச் சற்று மேலே உள்ள மூட்டு) பின்பக்க ஓரத்தில் இரண்டு விரலை லேசாக வைத்தால் நாடி கிடைக்கும். வழக்கமாக அது தேடினால்தான் அகப்படும். விரலை உதைப்பதுபோல் துடித்து, ஒரு குளம்பு மட்டும் சூடாக இருந்தால் உள்ளே சீழ் அல்லது அடிபட்ட வீக்கம் இருக்கலாம். சவாரி முடிந்த உடனே பார்க்காதீர்கள், நல்ல குதிரைக்கும் அப்போது கூடுதலாகத் துடிக்கும். குதிரை நன்றாக இருக்கும் நாட்களில் தொட்டுப் பழகாத விரலுக்கு வித்தியாசம் தெரியாது.

இரண்டு முன்குளம்பிலும் நாடி பலமாக அடித்து, குதிரை எடையைப் பின்னால் சாய்த்து நின்றால் லாமினைட்டிஸாக (குளம்பின் உள்படலத்தில் வரும் அழற்சி) இருக்கலாம். நடக்க வைக்காமல் அன்றே மருத்துவரை அழையுங்கள். காலை ஊன்றவே மறுத்தாலும் அப்படியே. உள்ளங்குளம்பில் ஆணி ஏறியிருந்தால், மருத்துவர் சீக்கிரம் வருவார் என்றால் பிடுங்காமல் விடுவது நல்லது; எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம் என்பதை எக்ஸ்ரே காட்டிவிடும்.

பரிசோதனைக்கு முன் ஃபினைல்பியூட்டசோன் போன்ற வலிநிவாரணியை நீங்களாகக் கொடுக்காதீர்கள். மருத்துவர் குளம்பிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு பகுதியாக மரப்பு ஊசி போட்டு வலியின் இடத்தைத் தேடுவார். நொண்டல் தெரியாத நாளில் அந்த ஊசியால் பயனில்லை. வழக்கமாக எந்த வேலையில் நொண்டல் வருகிறதோ, அந்த வேலையை முந்தின நாள் கொடுக்கலாமா என்று அவரிடமே கேளுங்கள்.

காரணம் தெரிந்து, மருத்துவர் அனுமதித்த பிறகு, கெட்டியான சமதரையில் 10 முதல் 15 நிமிட நடையில் ஆரம்பியுங்கள். ட்ராட் பிறகு, ஓரிரு நிமிடம், நேர்கோட்டில். சிறிய வட்டம் கடைசி. வேலையைக் கூட்டிய மறுநாள் காலை, சேணம் போடும் முன் நேர்கோட்டில் ஒருமுறை ட்ராட் ஓட்டிப் பாருங்கள். தலை லேசாக ஆடினாலும் முந்தைய அளவுக்குத் திரும்பி, மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்கள்.