முதன்முறையாகச் சுவாமிமலைக்குச் செல்வோருக்கு: காவிரிக்கரையில் படிம வார்ப்பைக் காணும் வழி

கும்பகோணத்திற்கு மேற்கே சுமார் 8 கிலோமீட்டர் தொலைவில் காவிரிக்கரையில் உள்ள சுவாமிமலையை முருகனின் அறுபடை வீடுகளுள் ஒன்றாகவே பலர் அறிவர். சோழர் காலத்திலிருந்து தொடரும் செப்புத் திருமேனி வார்ப்பு இன்றும் அவ்வூர்ப் பட்டறைகளில் நடைபெறுகிறது. அதைக் காண விரும்புவோர் கோயிலுக்கு ஒதுக்கும் நேரத்தைவிடக் கூடுதலான நேரத்தைப் பட்டறைக்கு ஒதுக்க வேண்டும்.

1. பருவத்தைத் தேர்ந்தெடுங்கள்

மேட்டூர் அணையில் நீர் இருப்பு போதுமானதாக இருந்தால், பாசனத்திற்காக ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை நீர் திறப்பது மரபு. ஆறும் வயல்களும் செழித்திருக்கும் காலம் அதுவே. எனினும், வடகிழக்குப் பருவமழை வலுக்கும் மாதங்களில் மண் அச்சுகள் காயத் தாமதமாகும் என்பதால், ஆகஸ்ட், செப்டம்பர் அல்லது ஜனவரி மாதத்தையே நான் பரிந்துரைப்பேன்.

2. வார்ப்பு நாளைக் கேட்டறியுங்கள்

உலோகம் ஊற்றும் பணி நாள்தோறும் நடப்பதில்லை. ஆகவே, பட்டறை ஒன்றைத் தொடர்புகொண்டு நாளைக் கேட்டறிந்த பிறகே பயணத்தை உறுதி செய்யுங்கள். முந்தைய நாள் தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் சோழர் காலப் படிமங்களைப் பார்த்துவிட்டு வந்தால், ஸ்தபதியின் கை எதைத் தேடுகிறது என்பது எளிதில் விளங்கும். கும்பகோணத்திலிருந்து பேருந்து வசதி உண்டு. தஞ்சாவூர்–கும்பகோணம் பாதையில் சுவாமிமலைக்கென ரயில் நிலையமும் உள்ளது.

3. பட்டறையில் வேலையின் வரிசையைப் பின்பற்றிப் பாருங்கள்

பலர் நேராக உலைக்களத்திற்குச் சென்று நின்றுவிடுகின்றனர். ஆனால் படிமத்தின் அழகு முடிவாவது மெழுகில்தான். படிமத்தின் உயரத்திற்கு நறுக்கிய தென்னை ஓலையைப் பல பகுதிகளாக மடித்து, அம்மடிப்புகளையே அளவுகோலாகக் கொண்டு முகம், மார்பு, கால் ஆகியவற்றின் விகிதங்களை ஸ்தபதி வகுத்துக்கொள்கிறார். தேன்மெழுகுடன் குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய கலவையில் உறுப்புகளைத் தனித்தனியே உருவாக்கி, சூடான கருவியால் இணைக்கிறார். அதன்மேல் முதலில் பூசப்படுவது காவிரியின் மென்மையான வண்டல் மண். மெழுகில் கீறிய நகை வேலைப்பாட்டின் நுண்ணிய கோடுகளைக்கூட அது அப்படியே பதிவு செய்துகொள்வதால்தான் இத்தொழில் இவ்வாற்றங்கரையில் வேரூன்றியது என்று சொல்லத் தோன்றுகிறது. பின்னர் சற்றுக் கரடான மண் பூசப்பட்டு, பெரிய அச்சுகள் இரும்புக் கம்பியால் கட்டப்படுகின்றன.

காய்ந்த அச்சை வறட்டித் தீயில் சுட்டால் உள்ளிருக்கும் மெழுகு உருகி வெளியேறும். அந்த வெற்றிடத்தில் செம்பு, பித்தளை, ஈயம் ஆகியவற்றுடன் சிறிதளவு வெள்ளியும் பொன்னும் சேர்ந்த உருகிய உலோகம் ஊற்றப்படுகிறது. எவ்வளவு உலோகம் தேவை என்பதை மெழுகின் எடையைக் கொண்டே முன்னதாகக் கணக்கிட்டுவிடுகின்றனர். ஆறியபின் அச்சு உடைக்கப்படுவதால், ஒரு மண் அச்சிலிருந்து ஒரே ஒரு படிமம்தான் கிடைக்கும். அதன் பிறகு உளியும் அரமும் கொண்டு செய்யப்படும் செதுக்கு வேலைக்குப் பல நாட்கள் ஆகும்.

உலோகம் ஊற்றும்போது விலகி நில்லுங்கள்; புகைப்படம் எடுக்கும் முன் அனுமதி பெறுங்கள்; வழிபாட்டிற்கான படிமங்களைத் தொடாதீர்கள்.

4. கோயிலுக்கும் ஆற்றங்கரைக்கும் செல்லுங்கள்

தமிழ் ஆண்டுகள் அறுபதையும் குறிக்கும் 60 படிகளை ஏறிச் சுவாமிநாதரைத் தரிசித்த பின், வெயில் தாழ்ந்ததும் காவிரிக்கரையில் நடக்கலாம். நேரமிருந்தால் அருகிலுள்ள தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலையும் பாருங்கள்.

5. படிமம் வாங்குவதாயின்

சுவாமிமலை வெண்கலப் படிமங்கள் புவிசார் குறியீடு பெற்றவை. மெழுகு வார்ப்பா, மணல் வார்ப்பா என்று கேளுங்கள். விரல் இடுக்குகளிலும் அணிகலன்களிலும் உளி வேலையின் தெளிவைக் கவனியுங்கள். விலைச்சீட்டைத் தவறாமல் பெறுங்கள். நூறாண்டுப் பழைமையான சிற்பங்களை நாட்டிற்கு வெளியே கொண்டுசெல்ல 1972ஆம் ஆண்டுச் சட்டம் தனியாருக்குத் தடை விதிப்பதால், புதிய படிமத்தை வெளிநாட்டிற்கு எடுத்துச் செல்வோர் அது தொல்பொருள் அன்று என்னும் சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே பெற்றுக்கொள்வது நல்லது.